தொகுதி இலக்கத்தோடு பதில் வேண்டும்

மாண்புமிகு சுகாதார அமைச்சர், வைத்தியர் நளிந்த ஜயதிஸ்ஸ அவர்களுக்கு,

செட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே கல்முனை வீதி. பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் இருக்க வேண்டும். தாய்மார் அதையும் தாங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போய்ப் பிள்ளையின் உடம்பில் ஏற்றும் மருந்தைப் பற்றித்தான் என் கேள்வி.

பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகை இரத்தப் புற்றுநோயில், செல்வந்த நாடுகளில் இன்று 10 பேரில் 9 பேர் வரை பிழைக்கிறார்கள். பெரும்பாலும் பழைய மருந்துகளே அதற்குப் போதும். தரமான மருந்தை, குறித்த நாள் தவறாமல், இரண்டு மூன்று வருடம் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றான வின்கிறிஸ்ரின், எங்கள் முற்றத்து மணலில் தானாக முளைக்கிற பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுத்தது. 1960கள் முதல் பாவனையில் இருக்கிறது.

எனக்குப் பயம் அஸ்பராஜினேஸ் ஊசியில். நோயுற்ற வெண்குருதிக் கலங்களுக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் தேவை. போதியளவு தாமாக உண்டாக்கத் தெரியாமல் இரத்தத்திலிருந்து எடுக்கின்றன. இந்த ஊசி இரத்தத்திலுள்ள அஸ்பராஜினை அழித்து அந்தக் கலங்களைப் பட்டினி போடுகிறது. பக்டீரியாவிலிருந்து எடுக்கும் நொதியம் இது. 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். வீரியம் குறைந்த குப்பியும் நல்ல குப்பியும் கண்ணுக்கு ஒன்றுதான். வீரியம் குறைந்தால் உபாதையும் குறையலாம். "இந்த முறை புள்ளைக்கு ஒண்டும் செய்யல்ல" என்று தாய் நிம்மதிப்படுவாள். மாதங்கள் கழித்து நோய் திரும்பும்போது அந்தக் குப்பியை யார் நினைப்பார்கள்?

இது வீண் பயமில்லை. 2017இல் பிரேசில் அரசு இறக்குமதி செய்த அஸ்பராஜினேஸில் கலப்புகள் இருப்பதாக அங்குள்ள சிறுவர் புற்றுநோய் வைத்தியர்களே சோதித்துச் சொன்னார்கள். 2022இல் யேமனின் சனா நகரில், கிருமி கலந்த மெத்தோற்றெக்சேற் ஊசி ஏற்றப்பட்ட இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளில் குறைந்தது 10 பேர் இறந்தார்கள். எங்கள் நாட்டில், தரமற்ற இமியூனோகுளோபுலின் ஊசி 2023இல் வாட்டுகள் வரை வந்தது. அந்தக் கொள்வனவு தொடர்பில், சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரி 2 அன்று கைதானார். வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். தடுத்திருக்க வேண்டிய வாசல்கள் எப்படித் திறந்து கிடந்தன என்பதற்கு உங்கள் அமைச்சுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அதைக் கொண்டு, இரத்தப் புற்றுநோய் ஊசி மருந்துகளின் ஒவ்வொரு தொகுதியும் வாட்டுக்குப் போகுமுன் சோதிக்கப்பட்டு, முடிவு தொகுதி இலக்கத்தோடு வெளியாக வேண்டும். அஸ்பராஜினேஸ் வேலை செய்கிறதா என்று பிள்ளையின் இரத்தத்திலேயே அளக்க முடியும். பல நாடுகளில் அளக்கிறார்கள். நீங்களும் வைத்தியர், இதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் பரிசோதனையை இலவசமாகக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. மருந்து முடிந்தால் "வெளியில எடுத்துக்கொண்டு வாங்க" என்று துண்டு எழுதிக் கொடுக்கும் பழக்கம் இந்த மருந்துகளுக்காவது நிற்க வேண்டும். காதில் கிடந்ததை அடகு வைத்து வாங்கிய ஊசியை ஐஸ் போட்ட பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு போகும் தாய்க்கு, அது எந்த வெயிலில் எத்தனை மணித்தியாலம் கிடந்ததென்று தெரியாது. கொள்வனவும் குளிரூட்டலும் அரசின் பொறுப்பு. அவள் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

சோதனை முடிவுகளைத் தமிழிலும் அச்சிட்டு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். குப்பியிலுள்ள இலக்கத்தோடு நாங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
செட்டிபாளையம் வாசி ஒருவர்