கிளினிக்கிற்கு எந்தப் பிரிண்டர் வாங்குவது?



தோட்டத்தில் வளர்ந்து, ஐந்தாம் படிவம் முடித்து, பக்கத்துப் பட்டணத்துக் கிளினிக்கில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். பெயர் பதிவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, பணம் வாங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிரிண்டர் பழுதானால், "நல்லதா ஒன்னு பார்த்துச் சொல்லம்மா" என்று டாக்டர் அவர்களிடமே விட்டுவிடுவார். கடைக்குப் போனால் பத்து விதம் நிற்கும். எதை எடுப்பது? இம்மாதம் அதைப் பார்ப்போம். கிளினிக் வேலைக்குப் போகாதவர்களும் படியுங்கள். அந்தத் தாள் கடைசியில் நம் கைக்குத்தான் வருகிறது.

விலையைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும்: அச்சாகும் தாள் கிளினிக்கை விட்டுப் போன பிறகு என்ன பாடுபடும்?

எம்.சி.யை எடுத்துக் கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. அதைக் கிராணியிடம் காட்ட நம் கையில் இருப்பது டாக்டர் கையெழுத்திட்ட அந்த ஒரு தாள்தான். அது வியர்த்த சட்டைப்பையில் மடங்கி, மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து வரும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கும் கடிதமும் அப்படித்தான். மருந்து உறையோ தைலக் குப்பிக்குப் பக்கத்தில், அடுப்படி அலமாரியில் கிடக்கும். எழுத்து அழிந்தால் 'தினம் 1' எது, 'தினம் 3' எது என்று பாட்டிக்கு யார் சொல்வது?

இனி பிரிண்டர் வகைகள்.

மை தெளிக்கும் இங்க்ஜெட் வாங்கும்போது மலிவு. அதன் மையில் இரண்டு ஜாதி. சாயமாகக் கரைந்த மை தண்ணீர் பட்டால் கரைந்தோடும். பிக்மெண்ட் என்னும் நுண்தூள் மை ஓரளவு தாங்கும். கடையிலேயே ஒரு தாள் அச்சடித்து, காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

லேசர் பிரிண்டரில் திரவ மை கிடையாது. டோனர் என்னும் பிளாஸ்டிக் கலந்த தூளைச் சூட்டினால் உருக்கித் தாளோடு ஒட்டிவிடுகிறது. தண்ணீர் பட்டாலும் எழுத்து ஓடாது. எம்.சி., கடிதம், பரிசோதனை அறிக்கை ஆகியவற்றுக்குக் கறுப்பு வெள்ளை லேசரே போதும். ஆனால் அது சூடேறும்போது மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுக்கும். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய பேட்டரிப் பெட்டியில் அதைச் சொருகக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் தாள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கும்; தாள் கட்டைப் பிரித்தால் மீதியை மூடி வையுங்கள்.

ரசீது அடிக்கும் சின்னப் பிரிண்டர் பெரும்பாலும் 'தெர்மல்' வகை. அதற்கு மையே வேண்டாம். சூடு பட்டால் கறுக்கும் பூச்சு தாளிலேயே உண்டு. வெயிலும் எண்ணெயும் பட்டால் எழுத்து மங்கும். சூடான இடத்தில் கிடந்தால் தாள் முழுதும் கறுக்கும். நாளாக வைத்திருக்க வேண்டிய எதையும் இதில் அடிக்கக் கூடாது. மருந்து லேபலுக்கு ரிப்பன் போட்டு அச்சடிக்கும் லேபல் பிரிண்டர் உண்டு. செலவு சற்றுக் கூடினாலும் எழுத்து நிற்கும்.

'டக டக' என்று ஊசியால் குத்தி அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸையும் கேலி செய்ய வேண்டாம். கார்பன் படிவத்தில் ஒரே அடியில் இரண்டு மூன்று நகல் எடுக்க அதுதான் உதவும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். முதல் பிரிண்டர் 250 வெள்ளி. அதன் மைப்புட்டி 60 வெள்ளி, 300 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு 20 காசு. இரண்டாவது 700 வெள்ளி. டோனர் 180 வெள்ளி, 3,000 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு 6 காசு. கிளினிக்கில் மாதம் 2,500 பக்கம் ஓடினால் முதலாவதுக்கு 500 வெள்ளி, இரண்டாவதுக்கு 150 வெள்ளி. வாங்கும்போது கூடக் கொடுத்த 450 வெள்ளி இரண்டு மாதத்துக்குள் திரும்பிவிடும். மை ஊற்றும் தொட்டி வைத்த இங்க்ஜெட்டில் பக்கச் செலவு இன்னும் குறையலாம். ஆனால் கறுப்பு மை எந்த ஜாதி என்று கேட்காமல் வாங்காதீர்கள். டோனர் பக்கத்துப் பட்டணத்திலேயே கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று, எழுத்தின் அளவு. லேபலில் 'செலெபாஸ் மாக்கான்' என்று பொடி எழுத்தில் இருந்தால் நம் பாட்டிக்கு என்ன பயன்? கணினியில் தமிழ் எழுத்து இருந்தால் இந்தப் பிரிண்டர்கள் தமிழையும் அடிக்கும். 'சாப்பிட்ட பின், காலை 1, இரவு 1' என்று பெரிதாக அடித்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

மற்றொன்று, இரகசியம். ஒருவருடைய நோய் விவரத்தை, 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனிக் கவனத்தோடு காக்கச் சொல்கிறது. எல்லாரும் நிற்கும் இடத்தில் பிரிண்டரை வைத்து, அடையாள அட்டை எண்ணோடு தாளைத் தட்டில் விட்டுவிட்டுப் போவது சரியன்று. நகலெடுக்கும் பெரிய இயந்திரங்கள் சிலவற்றுக்குள் தகவல் சேமிக்கும் தட்டும் இருக்கும். விற்கும் முன் அதை அழிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் நமக்கும் வேலை உண்டு. மருந்து வாங்கினால், முகப்பை விட்டு நகரும் முன் உறையில் இருப்பது உங்கள் பெயர்தானா, எத்தனை வேளை என்று படித்துப் பாருங்கள். மங்கலாக இருந்தால் மீண்டும் அடித்துத் தரச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். வழவழப்பான ரசீதில் பணம் கோர வேண்டியிருந்தால் அந்த வாரமே நகல் எடுத்துவிடுங்கள். எம்.சி. கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் தோட்ட அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.