விமானம் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை

பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நமக்கு ஆகாய விமானம் வாங்குகிற யோசனை எதற்கு என்று வாசகர்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஆனால் அமெரிக்காவில் சிறு விமானம் என்பது கோடீஸ்வரர்கள் மாத்திரம் வைத்திருக்கும் வஸ்துவல்ல. பள்ளிக்கூட உபாத்தியாயரும், பண்ணைக்காரரும், தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவரும்கூட, பழைய விமானம் ஒன்றைத் தனியாகவோ, இரண்டு மூன்று சினேகிதர்களோடு கூட்டாகவோ வாங்கிப் பறக்கின்றார்கள். அந்த ஊர் விஷயத்தை நாம் இங்கு எடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு மனிதன் தனக்கு உள்ளும் புறமும் தெரியாத ஒரு வஸ்துவை, அதிலும் தன் உயிரையும் தன் பெண்டு பிள்ளைகளின் உயிரையும் ஒப்படைக்க வேண்டிய வஸ்துவை வாங்கும்போது, யார் பேச்சை நம்புவது, எதைக் கண்டு நம்புவது என்கிற கேள்வி அதில் அடங்கியிருக்கின்றது. இந்தக் கேள்வி எல்லா நாட்டாருக்கும் பொதுவானதேயாகும்.

முதலாவது, அங்கு விற்பனைக்கு வரும் விமானங்களின் வயதைக் கவனிக்க வேண்டும். உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் செஸ்னா 172 என்பது. நாற்பதினாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கின்றது. அது விற்பனைக்கு வந்தது 1956-ல். 1986-ல் அந்தக் கம்பெனி இவ்வகைச் சிறு விமானங்களைச் செய்வதை நிறுத்திவிட்டது. மறுபடி ஆரம்பித்தது 1996-ல். ஆகவே சாதாரண வரும்படிக்காரர் முதன்முதல் வாங்கும் விமானம் பெரும்பாலும் நாற்பது ஐம்பது வருஷத்துக் கிழடாகவே இருக்கும். பத்துப் பேர் கை மாறியிருக்கும். வர்ணம் புதிதாயிருக்கலாம், மெத்தை புதிதாயிருக்கலாம், உள்ளே இருக்கும் அலுமினியத் தகட்டின் வயதை எந்த வர்ணமும் குறைத்துவிட முடியாது.

இந்த நிலையில் வாங்குகிறவர் என்ன செய்கின்றார்? முதலில் விமானத்தைத் தேடுகின்றார். பிறகு விலை பேசுகின்றார். பிறகு அதன்மேல் ஆசை வைத்துவிடுகின்றார். எல்லாம் முடிந்த பிறகு, “யாராவது ஒரு மெக்கானிக் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்” என்கின்றார். ஆசை வைத்துவிட்ட பிறகு செய்கின்ற பரிசோதனை பரிசோதனையாகுமா? கல்யாணம் நிச்சயமான பிறகு மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பது போன்றதேயாகும். வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். முதலில் எந்த வகை விமானம் என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது அந்த வகையை நன்றாய் அறிந்த மெக்கானிக்கைத் தேட வேண்டும். மூன்றாவதாகத்தான் விமானத்தைத் தேட வேண்டும்.

“மெக்கானிக்குகளுக்குச் சர்க்கார் லைசென்ஸ் இருக்கின்றதே, லைசென்ஸ் உள்ள எவரும் போதாதா?” என்று கேட்கலாம். லைசென்ஸ் வேண்டியதுதான், அது லேசில் கிடைப்பதுமல்ல. அமெரிக்கச் சட்டப்படி விமான உடலுக்கும் யந்திரத்துக்கும் சேர்த்து லைசென்ஸ் பெற, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும், அல்லது முப்பது மாதம் அந்த வேலையில் கை பழகியிருக்க வேண்டும். அதன்மேல் எழுத்து, வாய், செய்முறை என்று மூன்று பரீட்சைகளும் தேற வேண்டும். வருடாந்தரப் பரிசோதனை செய்து கையெழுத்திடும் அதிகாரம் வேண்டுமானால் மூன்று வருஷமாவது லைசென்ஸ் உடையவராயிருக்க வேண்டும். இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த லைசென்ஸ் இன்ன வகை விமானத்துக்கு என்று பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. பெரிய ஜெட் விமானங்களிலேயே இருபது வருஷம் கழித்தவருக்கும், கிராமத்து ஓடுபாதை ஓரத்தில் சிறு விமானங்களையே பார்த்துக் கிடப்பவருக்கும் கையில் இருப்பது ஒரே லைசென்ஸ்தான். அந்தக் காகிதம் ஒருவர் கற்றவர் என்பதற்கு அத்தாட்சியே ஒழிய, நாம் வாங்கப் போகும் விமானத்தைக் கற்றவர் என்பதற்கு அத்தாட்சியாகாது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்லுவோம். செஸ்னாவில் ஆசனம் ஓடுகிற தண்டவாளத்தின் துவாரங்கள் தேய்ந்துவிட்டால், விமானம் மேலே கிளம்பும் சமயத்தில் ஓட்டுபவரின் ஆசனம் பின்னுக்கு நழுவிப் போகும். கைப்பிடியைப் பிடித்திருப்பவர் அதையும் சேர்த்து இழுத்துவிடுவார். இதற்காக 1987-லேயே கட்டாயப் பரிசோதனை உத்தரவு பிறந்திருக்கின்றது. மூனி என்னும் விமானத்திலோ, பார்க்க வேண்டிய இடம் வேறு. பயணிகள் உட்காரும் அறையைச் சுற்றி எஃகுக் குழாய்க் கூண்டு ஒன்று மறைவாக இருக்கின்றது. ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் கசிந்தால் பக்கத்துப் பலகைக்குள் துரு ஏறும். 1947 முதல் 1982 வரை செய்யப்பட்ட இரட்டை வால் பொனான்ஸாவில் வாலின் அசையும் பாகங்களுக்கு மக்னீஷியத் தகடு போட்டிருக்கின்றார்கள். அது அலுமினியத்தைவிடச் சீக்கிரம் அரித்துப் போகும். யந்திரத்திலும் அப்படியே. லைகாமிங் யந்திரத்தில் காம் ஷாப்ட் மேலே இருக்கின்றது. மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் எண்ணெய் கீழே வடிந்து, காம் துருப்பிடிக்கும். சிலிண்டரைக் கழற்றாமல் அதைச் சரியாகப் பார்ப்பது கஷ்டம். “கொஞ்ச மணி நேரந்தான் ஓடியிருக்கின்றது” என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதே அங்கு சந்தேகத்துக்கு இடமாகின்றது. இவற்றையெல்லாம் அறிந்தவர் நேரே அந்த இடத்துக்குப் போய் விளக்கைப் பிடிப்பார். அறியாதவர் நாள் முழுவதும் சுற்றி வந்து, டயரில் காற்றுக் குறைவு என்று எழுதிக் கொடுப்பார்.

நிற்க, 2018-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி புளோரிடாவில் டேடோனா பீச் என்னும் ஊரில் நடந்ததைக் கவனியுங்கள். விமானக் கல்லூரி ஒன்றைச் சேர்ந்த பைப்பர் விமானத்தில் ஒரு மாணவரும், பரீட்சை செய்ய வந்த அதிகாரி ஒருவரும் பறந்தார்கள். தரையைவிட்டுக் கிளம்பிச் சற்று நேரத்தில் இடது இறக்கை பிய்ந்து விழுந்தது. இருவரும் மாண்டார்கள். அந்த விமானம் 2007-ல் செய்யப்பட்டது. சுமார் 7,700 மணி பறந்திருந்தது. இறக்கையைத் தாங்கும் முக்கிய உத்திரத்தில், உடலோடு முடுக்கும் போல்ட்டுத் துவாரத்தின் ஓரத்தில், நாளடைவில் வளர்ந்த வெடிப்பே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வெளியே இருந்து எந்தக் கண்ணாலும் பார்க்கக் கூடிய வெடிப்பல்ல அது.

அதன்பேரில் 2020-ல் சர்க்கார் பிறப்பித்த உத்தரவு, பைப்பரின் குறிப்பிட்ட மாதிரிகளில் அந்தத் துவாரங்களைச் சுழல் மின்னோட்டக் கருவி கொண்டு சோதிக்க வேண்டும் என்கின்றது. எந்த விமானத்துக்குச் சோதனை என்பதை எப்படித் தீர்மானிக்கின்றார்கள் தெரியுமா? லாக் புத்தகத்தைக் கொண்டுதான். வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடும் விமானத்துக்கு நூறு மணிக்கு ஒரு பரிசோதனை உண்டு. அப்படிப்பட்ட பரிசோதனை எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நூறு மணி முழுதாகச் சேர்க்க வேண்டும். மிச்சமுள்ள மணிகளைப் பதினேழால் வகுத்துச் சேர்க்க வேண்டும். மொத்தம் 5,000 வந்தால் சோதனை. 8,000 மணி ஓடிய இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுதும் சொந்த உபயோகத்தில் ஓடியது; அதன் கணக்கு 470 மணிதான். மற்றொன்று பள்ளிக்கூடத்தில் அடிபட்டு அறுபது நூறுமணிப் பரிசோதனை கண்டது; அதன் கணக்கு 6,100-க்கு மேல் போகின்றது. கடிகாரம் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். வர்ணமும் ஒன்றாகவே இருக்கலாம். லாக் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரே இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை, விமானத்தைத் தொடுவதற்கு முன்னமே சொல்ல முடியும். புத்தகத்தில் பல வருஷம் காணாமற் போயிருந்தால், அந்தக் காணாமையையும் ஒரு குற்றமாக எழுதிக்கொள்வார்.

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளுக்கு வருவோம்.

“போன மாதந்தானே வருடாந்தரப் பரிசோதனை முடிந்தது” என்பது ஒன்று. யார் பணத்தில் முடிந்தது? விற்பவர் பணத்தில். யாருக்காக? விற்பதற்காக. அந்தப் பரிசோதனை, விமானம் சட்டத்துக்குப் பொருந்துகின்றதா என்று கேட்கின்றதே தவிர, இந்த விலைக்கு இதை வாங்கலாமா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் வாங்குபவர். பதில் சொல்ல வேண்டியவர் வாங்குபவருடைய மெக்கானிக்.

“விற்பவர் மெத்த யோக்கியர்” என்பது மற்றொன்று. இருக்கலாம். யோக்கியர் தமக்குத் தெரிந்ததை மறைக்கமாட்டார். தமக்கே தெரியாததை எப்படிச் சொல்லுவார்? உத்திரத்து வெடிப்புக்கு யோக்கியர் விமானம், அயோக்கியர் விமானம் என்கிற பேதம் இல்லை.

“வாங்காமற் போகும் விமானத்துக்காக மெக்கானிக்குக்குக் கூலி அழுவானேன்?” என்பது மூன்றாவது. இது கணக்குத் தெரியாதவர் பேச்சு. வாங்க வேண்டாம் என்று ஒரு மெக்கானிக் சொல்லும் நாளில் கொடுத்த கூலிதான் முழு லாபம் தந்த கூலி. ஒரு யந்திரத்தைப் பிரித்துப் புதுப்பிக்க ஆகும் செலவு, பழைய விமானத்தின் விலையில் பாதியைத் தொட்டாலும் தொடும்.

அப்படியானால் தகுந்த மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பது எப்படி? அதே வகை விமானம் வைத்திருப்பவர்களைக் கேட்பதே முதல் வழி. ஒவ்வொரு வகைக்கும் சொந்தக்காரர் சங்கங்கள் இருக்கின்றன. பொனான்ஸாக்காரர்களுக்கு அமெரிக்கன் பொனான்ஸா சொஸைட்டி இருப்பது போல. நாலு பேர் தனித்தனியே ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போகலாம். போனபின் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். சென்ற வருஷம் இந்த வகையில் எத்தனை விமானத்தில் கை வைத்தீர்கள்? புத்தகத்தைப் பாராமல் சொல்லுங்கள், முதலில் எந்த மூன்று இடத்தைப் பார்ப்பீர்கள்? இந்த விமானத்தில் முன்னமே வேலை செய்ததுண்டா? விற்பவர் உங்கள் வாடிக்கைக்காரரா? நான் கூடவே நின்று பார்க்கலாமா? முன்பு தாமே கையெழுத்திட்ட விமானத்தில் குற்றம் கண்டுபிடித்தால், தம் கையெழுத்தையே குற்றம் சொன்னதாகும். ஆகையால் எவ்வளவு நல்லவராயினும் அவர் இந்த வேலைக்கு ஆகாது. “எனக்கு அது தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லக் கூடியவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். எல்லாம் தெரியும் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைக்கும் ஒரு முறை உண்டு. வாங்குமுன் பரிசோதனை என்பதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் இலக்கணமே கிடையாது. ஆகவே எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் லாக் புத்தகங்களும் கட்டாய உத்தரவுகளும்; பிறகு பேரத்தையே முறிக்கக் கூடிய துரு, உத்திரம், பழைய விபத்தின் ரிப்பேர்; பிறகு சிலிண்டருக்குள் குழாய்க் கண்ணாடி விட்டு வால்வைப் பார்ப்பதும், எண்ணெய் வடிகட்டியை வெட்டி உலோகத் தூளைத் தேடுவதும். பெரிய குற்றம் ஒன்று அகப்பட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். வருடாந்தரப் பரிசோதனை என்று பெயரிட்டு ஆரம்பிக்கக் கூடாது. அப்படி ஆரம்பித்துக் குற்றம் கண்டு எழுதினால், விற்பவரின் விமானம் சட்டப்படி தரையில் நின்றுவிடும். வீண் வழக்குக்கு இடமாகும்.

இப்படிப்பட்ட மெக்கானிக்குகள் சிலரே என்பதும், அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். காத்திருங்கள் என்றே சொல்லுவோம். அவர்கள் ஏன் சிலராக இருக்கின்றார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆகாயத்தில் பறந்தவர் பெயரைக் குழந்தையும் சொல்லும். கீழே நின்று பறக்க வைத்தவர் பெயர் யாருக்குத் தெரியும்? 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த யந்திரத்தைத் தம் கையால் ஆறே வாரத்தில் செய்து கொடுத்தவர் சார்லஸ் டெய்லர் என்னும் மெக்கானிக். கிழவயதில் தர்ம ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கிடந்த விஷயம் வெளியாகி, விமானத் தொழிலார் பணம் திரட்டி உதவி செய்தார்கள். 1956-ல் அவர் இறந்தார். கையில் எண்ணெய்க் கறை படிந்தவனுக்கு மரியாதையும் கூலியும் குறைத்துக் கொடுக்கின்ற உலகம், கடைசியில் அந்தக் கை அகப்படவில்லையே என்று அழுவதில் என்ன நியாயம் இருக்கின்றது? ஆகவே கூலியில் பேரம் பேசாதீர்கள். சொன்ன குற்றத்துக்காகக் கோபித்துக் கொள்ளாதீர்கள்.

முடிவாக ஒன்று. விமானத்தைப் பறக்கத் தக்க நிலையில் வைத்திருக்கும் முதற் பொறுப்பு அதன் சொந்தக்காரரையும் அதை நடத்துபவரையுமே சேர்ந்தது என்று அமெரிக்கச் சட்டம் சொல்லுகின்றது. விற்றவரும் அல்ல, கையெழுத்திட்டவரும் அல்ல. வாங்கிய நாள் முதல் பொறுப்பு முழுதும் தன்னுடையதாகப் போகின்றபோது, வாங்கும் நாளில் மாத்திரம் பிறர் வாய்ச்சொல்லை நம்புவது அறிவுடைமையாகுமா? தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். அவர் தெரிந்தவர்தானா என்பதையும் கேட்டறியுங்கள். அதன் பிறகு பறந்து போங்கள்.