பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்

நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஒன்று. நோயில்லாத குழந்தையை ஆராய்ச்சிக்கூடத்திற்கு அழைத்துச் செல்வது வேறொன்று. முதலாவதில் பிள்ளை அழுதாலும் அடம்பிடித்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஊசி போட்டாக வேண்டும். காய்ச்சல் தணிந்தாக வேண்டும். அங்கே பெற்றோரின் கட்டாயமும் அன்பேயாகும். இரண்டாவதில் அந்தக் கட்டாயத்திற்கு இடமில்லை. ஆராய்ச்சியால் விளையும் நன்மை நாளை பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கு. அசையாமல் படுத்துக்கிடக்கும் சிரமமோ இன்று நம் பிள்ளைக்கு. மூளையைப் படம் எடுக்கும் ஆராய்ச்சிக்கு ஒரு சிறு குழந்தையை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்ற கேள்விக்கு விடை தேடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

தேவர்சோலையில் தேயிலைக்கு நடுவே வாழ்வோருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் வியக்கலாம். நம் கூடலூர் வட்டாரத்து மக்கள் பெரிய வைத்தியத்திற்குக் கோவைக்கும் கோழிக்கோட்டிற்கும் மைசூருக்கும் செல்பவர்கள். அந்த மைசூரில், ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து ஆராயும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 1997-98ஆம் ஆண்டுகளில் அங்கே கருவுற்றிருந்த தாய்மார்களைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு, அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து ஆளான பின்னும் தொடர்ந்தது.

பின்னர் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் ஒருங்கிணைக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பொருளுதவி செய்ய, 'சி-வேடா' என்னும் பெரிய ஆய்வு 2010-களின் பிற்பகுதியில் நடைபெற்றது. 6 வயது முதல் 23 வயது வரையுள்ள ஏறத்தாழ 9,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். பெங்களூர், மைசூர், சண்டிகர், கொல்கத்தா, இம்பால், ரிஷி வேலி ஆகிய இடங்களில் மையங்கள் இருந்தன. சேர்ந்தவர்களுள் ஒரு பகுதியினருக்கு மூளைப் படமும் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் 2016இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 9, 10 வயதுப் பிள்ளைகள் மட்டும் 11,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்துள்ளனர்.

குழந்தையின் மூளை எவ்வாறு வளர்கிறது என்று இதுவரை அறிந்தவற்றுள் பெரும்பகுதி செல்வ நாடுகளின் பிள்ளைகளைப் பார்த்து அறிந்தவை. நம் மண்ணின் பிள்ளைகளையும் பார்த்தால்தான் நமக்குரிய விடைகள் கிடைக்கும். ஆகவே இவ்வகை அழைப்பு நாளை நம் வீட்டுக் கதவையும் தட்டக்கூடும். அறிவுத் தேடலுக்குத் துணை நிற்பது நற்செயல். ஆனால் அந்த நற்செயலைச் செய்யப்போவது குழந்தை, நாம் அல்லர்.

அந்தக் கருவி எத்தகையது?

இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் பயன்படுவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஸ்கேன். இதனைச் சாத்தியமாக்கிய கண்டுபிடிப்புகளுக்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவருக்கும் 2003இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. நம் உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை வலிமை மிக்க காந்தமும் வானொலி அலைகளும் தூண்ட, அவை திருப்பி அனுப்பும் சைகைகளைக் கொண்டு கணினி படம் வரைகிறது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தைக் காந்த ஸ்கேனில் காணலாம் என்று ஜப்பானிய அறிஞர் ஒகாவா 1990இல் காட்டினார். அதனால்தான் உள்ளே படுத்திருக்கும் பிள்ளையிடம் படம் காட்டியும் பொத்தானை அழுத்தச் சொல்லியும் சோதிக்கிறார்கள்.

குழந்தையின் கண்ணுக்கு அது ஒரு குகை. தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற ஒரு கவசம் வைப்பார்கள். 'டக் டக்' என்றும் 'கர்ர்' என்றும் ஓசை எழும். அந்த ஓசை 100 டெசிபலைத் தாண்டுவதும் உண்டு. எனவே காதடைப்பான் கட்டாயம். சில மில்லிமீட்டர் தலை அசைந்தாலும் படம் கலங்கிவிடும்.

ஆயத்தம் வீட்டில் தொடங்க வேண்டும்

முதலில் உண்மையைச் சொல்லுங்கள். "சும்மா ஒரு போட்டோ எடுப்பார்கள்" என்று சொல்லி அழைத்துச் சென்று, அங்கே குகையையும் ஓசையையும் கண்டு குழந்தை நடுங்கினால், அடுத்த முறை நம் சொல்லை அது எப்படி நம்பும்? பிள்ளையை "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்த தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று நபிகள் நாயகம் (ஸல்) வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று அவர் சொன்னதும், எதுவும் தராதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள் என அபூதாவூதில் பதிவாகியுள்ளது. குழந்தையிடம் சொல்லும் சிறு பொய்யும் பொய்தான். ஸ்கேனில் ஊசி இல்லை என்பது உண்மையானால் சொல்லுங்கள். ஆய்வின் வேறு பகுதியில் இரத்தம் எடுப்பார்கள் என்றால் அதையும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஓசைக்குப் பழக்குதல். நம் பிள்ளைகள் ஆடி மழை தகரக் கூரையில் கொட்டும் இரைச்சலில் உறங்கியவர்கள். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தின் ஓசையைக் கேட்டவர்கள். "அதுபோல ஓர் ஓசை, வெறும் ஓசைதான், உன்னைத் தொடாது" என்றால் புரிந்துகொள்வார்கள். ஸ்கேன் ஓசையின் ஒலிப்பதிவை நிலையத்தாரிடம் கேட்டு வாங்கிச் செல்பேசியில் முதலில் மெதுவாகவும் பின்னர் சற்று உரக்கவும் ஒலிக்கச் செய்யலாம்.

மூன்றாவது அசையாதிருக்கும் பயிற்சி. மேசைக்கு அடியில் பாய் விரித்து, இருபுறமும் போர்வையைத் தொங்கவிட்டால் குகை ஆயிற்று. உள்ளே படுத்துச் 'சிலை' விளையாட்டு ஆடச் சொல்லுங்கள். முதல் நாள் ஒரு நிமிடம், மறுநாள் இரண்டு நிமிடம் என்று கூட்டிச் செல்லுங்கள். "முக்கால் மணி நேரம்" என்ற கணக்கு ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்காது. "மதரஸாவில் ஒரு பாடம் நடக்கும் நேரம்" என்றால் விளங்கும். நடுநடுவே ஓசை நிற்கும்போது பேசலாம் என்பதையும் சொல்லுங்கள். சில நிலையங்களில் காந்தமில்லாத மாதிரிக் கருவி ஒன்றை வைத்து ஒத்திகை நடத்துகிறார்கள். அது உண்டா என்று கேட்டு, உண்டென்றால் ஒத்திகை முடிந்த பின்னரே மெய்யான ஸ்கேனுக்கு நாள் குறியுங்கள்.

பிள்ளைகளுக்கு வேறோர் அச்சமும் இருக்கும். "நான் மனத்தில் நினைப்பதெல்லாம் தெரிந்துவிடுமா? நான் சொன்ன பொய் வெளியே வந்துவிடுமா?" என்று அஞ்சுவார்கள். தெரியாது என்று உறுதி கூறுங்கள். கருவி காட்டுவது மூளையின் அமைப்பையும் இரத்த ஓட்டத்தின் மாற்றத்தையுமே. எண்ணத்தை வாசிக்கும் கருவி அன்று. "என் மகன் கெட்டிக்காரனா?" என்று பெற்றோரும் கேட்க வேண்டாம். அது தேர்வு அன்று. அதில் முதல் மதிப்பெண்ணும் இல்லை, தோல்வியும் இல்லை.

காந்தத்தின் முன்னே இரும்பு வேண்டாம்

இந்தக் காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் விழித்தே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் பிராணவாயு உருளையுடன் ஸ்கேன் அறைக்குள் சென்ற ஒருவர் உருளையோடு சேர்த்து இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகவே விதிகளில் விட்டுக்கொடுத்தல் கூடாது. கொலுசு, தோடு, வளையல், அரைஞாண், ஊக்கு, தலைமுக்காட்டின் பின், சட்டைப்பையில் கிடக்கும் நாணயம், சரிகை வைத்த உடை ஆகிய யாவும் வீட்டிலேயே கழற்றப்பட வேண்டும். தாயத்து அணிவது பற்றிய கருத்து வேறுபாடு இங்கே பேசுபொருள் அன்று. ஆனால் அதன் உலோகக் கூடு அறைக்குள் செல்லக் கூடாது. சுருமாவையும் மையையும் கழுவிவிடுவது நல்லது. காது கேளாமைக்காகக் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட பிள்ளை, எலும்பில் தகடு வைக்கப்பட்ட பிள்ளை, எப்போதாவது நாணயத்தையோ பேட்டரியையோ விழுங்கிய பிள்ளை என்றால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உடன் இருக்கும் தாய்க்கும் இதே விதிகள் பொருந்தும். அவர் கருவுற்றிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

மைசூர் செல்வோருக்கு ஒரு குறிப்பு. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்திற்குத் தடை உள்ளது. காலை ஆறு மணிக்குச் சோதனைச் சாவடியில் காத்திருந்து, வளைவுச் சாலையில் வாந்தி எடுத்து, சோர்ந்துபோய் வந்து இறங்கும் பிள்ளையை அப்படியே கருவிக்குள் படுக்கவைப்பது கொடுமை. பிற்பகல் நேரம் கேளுங்கள். இயலாவிட்டால் முந்தைய நாளே சென்று தங்குங்கள்.

'வேண்டாம்' என்றால்?

இத்தனை ஆயத்தமும் பிள்ளையை எப்படியாவது இணங்கவைக்கும் தந்திரம் அன்று. என்ன நடக்கும் என்று அறியாத பிள்ளை 'சரி' என்றாலும் பொருளில்லை, 'வேண்டாம்' என்றாலும் பொருளில்லை. அறிந்து சொல்லும் நிலைக்கு அதனைக் கொண்டுவருவதே ஆயத்தத்தின் நோக்கம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதனைத் தெளிவாக்குகின்றன. பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். அத்துடன் 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளையின் இசைவை வாய்மொழியாகவும், 12 வயதைக் கடந்தவரின் இசைவை எழுத்திலும் பெற வேண்டும். தொடங்கிய பின்னரும் எந்நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சைக்குக் குறைவு நேரக் கூடாது. கையில் கொடுக்கப்படும் ரப்பர்ப் பந்தை அழுத்தினால் உடனே நிறுத்துவார்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பந்து அதன் உரிமை.

"சின்னப் பிள்ளையிடம் என்ன கேட்பது?" என்போர் உளர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டபோது வலப்புறம் ஒரு சிறுவர் இருந்தார்; இடப்புறம் முதியவர்கள் இருந்தனர். பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கட்டுமா என்று அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தம் பங்கை எவருக்கும் விட்டுத்தர இயலாது என்று அவர் மறுத்தார். கோபிக்கவில்லை, பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நிகழ்ச்சி இது. கேட்டார்கள் என்பது ஒரு பாடம். மறுப்பை ஏற்றார்கள் என்பது அதனினும் பெரிய பாடம்.

நம் எளிய குடும்பங்களில் வேறொரு தயக்கமும் உண்டு. பெரிய டாக்டர் கேட்டுவிட்டார், எப்படி மறுப்பது என்று நினைக்கிறோம். பேருந்துச் செலவையும் இழந்த ஒரு நாள் கூலியையும் ஆராய்ச்சியாளர் ஈடுசெய்வது முறையானதே. ஆனால் அந்தப் பணத்திற்காக அழும் பிள்ளையை உள்ளே தள்ளினால் அது அதன் உடலை வாடகைக்கு விட்டது போலாகும்.

கையெழுத்திடுமுன் ஐந்து கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றுள்ளீர்களா? மயக்க மருந்தோ வேறு மருந்தோ செலுத்துவீர்களா? படத்தில் எதிர்பாராத கோளாறு ஏதேனும் தென்பட்டால் எங்களுக்குச் சொல்வீர்களா, மேற்கொண்டு என்ன செய்வீர்கள்? பிள்ளையின் பெயரும் முகமும் வெளியே தெரியாமல் எப்படிக் காப்பீர்கள்? தீங்கு நேர்ந்தால் சிகிச்சைக்குப் பொறுப்பு யார்? தலையின் படத்திலிருந்து முகத்தை மீண்டும் உருவாக்க இயலும் என்பதால், பிறருடன் பகிரும் முன் முகப்பகுதியை நீக்கிவிடுவது நல்ல நிலையங்களின் வழக்கம். நீங்கள் பேசும் மொழியில் விளக்கம் தரும்வரை கையெழுத்திட வேண்டியதில்லை.

எல்லா ஆயத்தமும் செய்து, நூறு கிலோமீட்டர் கடந்து சென்று, கருவியைப் பார்த்ததும் பிள்ளை "அத்தா, வேண்டாம்" என்றோ "உப்பா, போகலாம்" என்றோ சொல்லக்கூடும். கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுங்கள். வழியில் திட்டாதீர்கள்; வாங்கித் தருவதாகச் சொன்ன பொருளை மறுக்காதீர்கள்; உறவினர் முன்னிலையில் கோழை என்று கேலி பேசாதீர்கள். பெரியவர்கள் சூழ நின்றபோதும் தன் உடல் குறித்து 'வேண்டாம்' என்று சொல்லவும், அச்சொல் மதிக்கப்படும் என்று நம்பவும் கற்ற பிள்ளைக்கு, வாழ்வில் அந்தப் பாடம் பல இடங்களில் காவலாக நிற்கும். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக!