பாதியில் நிற்பது குப்பை அல்ல



இன்று ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, 500 துண்டு ஜிக்சா படம் ஒன்றைக் கூடத்துத் தரையில் விரித்து நான்கு நாளாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு ஓரமும் சேர்ந்து, நடுவில் ஒரு வீட்டுக் கூரையும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். விருந்தாளிகள் வேறு வருகிறார்கள். அவள் விளையாடப் போயிருந்தாள். நான் எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் போட்டுவிட்டேன். "ஒரு துண்டுகூடத் தொலையல, பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

அவள் அழவில்லை. "பரவாயில்ல ஆச்சி" என்றாள். ஊருக்குப் போகும்வரை அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

பாதி தைத்த ரவிக்கையை நாம் யாரும் பிரித்துப் போடுவதில்லை. மடித்து மெஷின் மேல் வைக்கிறோம். குழந்தை பாதி செய்தது மட்டும் ஏன் நம் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிகிறது? துண்டுகள் பத்திரமாக இருந்தன, சரி. அவளுடைய நான்கு நாள் உழைப்பு எங்கே போனது?

ஜிக்சா பிறந்ததே பாடம் சொல்லிக்கொடுக்கத்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகள் வழியே அறுத்து, பூகோளம் கற்கும் பிள்ளைகளுக்காக விற்றார். நானும் தமிழ்நாட்டு மாவட்டப் படத்தை அட்டையில் ஒட்டி வெட்டி வகுப்பில் கொடுத்திருக்கிறேன். மணி அடித்ததும் "எடுத்து வை, எடுத்து வை" என்று அவசரப்படுத்தியதும் நான்தான். இதைப் படிக்கும் சிலருக்கு நினைவிருக்கும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. படத்தைவிடக் கொஞ்சம் பெரிய ப்ளைவுட் பலகை ஒன்று போதும். முடித்தால் என்ன அளவு வரும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். 1000 துண்டுப் படம் பெரும்பாலும் 70க்கு 50 செ.மீ. இருக்கும். முதல் நாளே பலகை மேல் ஆரம்பித்துவிட்டால், அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம். தரையில் ஆரம்பித்துவிட்டார்களா? ஒரு பக்கத்திலிருந்து சார்ட் அட்டையை மெதுவாக அடியில் நுழைத்து, இருவராகப் பிடித்துப் பலகைக்கு மாற்றலாம். சேராத துண்டுகளை நிறம் பிரித்துத் தட்டுகளில் வைத்து, மேலே ஒரு துணி போட்டு மூடினால் போதும்.

ஃபெல்ட் துணியில் வைத்துப் பாய் மாதிரி சுருட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் துண்டுகள் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால்தான் அது சரிவரும். தளர்வாக இருந்தால் விரிக்கும்போது பிரிந்துவிடும். இன்னொன்று, வீடு துடைக்கும் தண்ணீர் பட்டால் அட்டை உப்பிவிடும். பலகைக்கு அடியில் நாலு மூலையிலும் கட்டை வையுங்கள்.

"ஒரே ரூம் வீடு டீச்சர், எங்கே வைக்கிறது?" என்பீர்கள். நியாயம்தான். பீரோவின் தலை சும்மாதானே இருக்கிறது? அதுவும் முடியாதென்றால், கலைப்பதற்கு முன் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தன் கையால் அதுவே கலைத்தால் வலி குறைவு. நான் அதைக்கூடச் செய்யவில்லை.

நேற்று தச்சரிடம் சொல்லிப் பலகை அறுத்து வாங்கிவிட்டேன். பேத்திக்குப் போன் செய்து, "ஆச்சி செஞ்சது தப்பும்மா" என்றும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நாலு ஓரத்தை மட்டும் நீங்க சேர்த்து வைங்க, மிச்சத்தை நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள்.

மூன்று ஓரம் முடிந்தது. நான்காவதில் இரண்டு துண்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.