கன்று விற்போர் கடமை

ஆலங்குளம் பக்கத்தில் பூச்செடியும் பழக்கன்றும் விற்கும் கடைகள் சிலவற்றில், கன்று விதையில் முளைத்ததா, பதியனா, தாய்மரம் எவ்விடத்தது என்று குடியானவர் வினவினால் மறுமொழி கிடைப்பதில்லை. ரசீது கேட்டாலோ முகம் சுளிக்கின்றனர். இதனை வெறும் மரியாதைக் குறைவென்று எண்ணுதல் தகாது. ரோஜாத் தொட்டி வாங்கியவர் அதன் குறையை அடுத்த மாதமே காண்பார். இம்மாவட்டத்துப் புளியங்குடி பெயர்பெற்றுள்ள எலுமிச்சையோ நட்ட மூன்றாம் வருஷமே காய்க்கத் தொடங்குவது. அதன் கன்றை வாங்கியவர் மூன்று வருஷம் நீர் பாய்ச்சி, எருவிட்டு, களையெடுத்த பின்னரே ஏமாற்றத்தை அறிவார். கன்றின் விலையைத் திருப்பித் தரலாம். கழிந்த காலத்தை யார் தருவர்?

1983-ஆம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, பழக்கன்று விற்போர் லைசென்ஸ் பெறுதல் வேண்டும். இருப்பையும் விலையையும் யாவரும் காண எழுதிவைத்தல் வேண்டும். வாங்குவோருக்கு ரசீது கொடுத்தல் வேண்டும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று சுப்ரீம் கோர்ட்டு 2012-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆயினும் ரசீதில்லாத வழக்கு வேரில்லாத கன்றை ஒக்கும்.

ஆகவே, ஜாதியின் பெயரும் தேதியும் குறித்த ரசீதைப் பெறாமல் எவரும் கன்றை வண்டியில் ஏற்றலாகாது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை. தம் சரக்கை நன்கறிந்த வியாபாரி விடை கூறத் தயங்கார். தயங்குபவரிடம் வாங்காது திரும்புதலே லாபம்.