வந்த ஊரும் வாழும் ஊரும்

பட்டம் பெற்ற நம் மாணவர் பலர் மேற்படிப்பையும் வேலையையும் நாடிச் சென்னைக்குச் செல்கின்றனர். ஓராண்டு என்று எண்ணிச் செல்வது நான்கைந்து ஆண்டுகளாக நீள்கிறது. அவர்களுள் சிலரை அண்மையில் திருவல்லிக்கேணி மேன்சன் ஒன்றில் கண்டோம். அறைக்கு மூவர், கட்டிலுக்கடியில் பெட்டி, கொடியில் துணி, தண்ணீர் வரும் நேரத்திற்காக வரிசையில் வாளிகள். இவற்றில் வியப்பில்லை. மூன்றாண்டுகளாக அங்கிருக்கும் ஒருவரிடம், "தம்பி, எதிர்வீட்டில் இருப்பவர் யார்?" என்று வினவினோம். "தெரியாதுங்க ஐயா. நான் என்ன இங்கேயேவா இருக்கப் போறேன்?" என்றார். அவ்விடையே இதனை எழுதத் தூண்டியது.

ஊர் திரும்பும் எண்ணம் குற்றமன்று. அதனையே சாக்காகக் கொண்டு, வாழும் ஆண்டுகளைப் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் பொழுதைப்போல் கழிப்பதைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை.

தமிழ்த் துறையினர் நன்கறிந்த ஒருவரை நினைவூட்டுகிறோம். உ. வே. சாமிநாதையர் 1903ஆம் ஆண்டு கும்பகோணத்திலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது ஐம்பதை நெருங்கிய அகவையினர். திருவல்லிக்கேணிப் பகுதியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். குடந்தைக் கல்லூரியில் தமக்கு ஆசிரியப் பணி கிடைக்கத் துணைநின்ற தியாகராச செட்டியாரின் நினைவு அது. பழைய ஊரின் நன்றியை வாயிலில் எழுதிவைத்துக்கொண்டே புதிய ஊரில் வேரூன்றினார். (அவ்வில்லம் 2012இல் இடிக்கப்பட்டமை நமக்கெல்லாம் தலைக்குனிவு.)

அதே திருவல்லிக்கேணியில் மற்றொரு காட்சியும் உண்டு. 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில், ரமலான் மாலைகளில் நோன்பு திறப்போர்க்குப் பல்லாண்டுகளாக உணவு சமைத்துப் பரிமாறி வருவோர் சூஃபிதார் அமைப்பின் இந்து அன்பர்கள். அவ்வமைப்பை நிறுவிய தாதா ரத்தன்சந்த் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து ஏதிலியாக வந்தவர். வந்த ஊரில் தமக்கென ஒரு கடமையைத் தேடிக்கொண்டவருக்கு எதிர்வீட்டார் அந்நியர் ஆவரோ?

இளைஞரை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையாகாது. நாமும் ஒரு காலத்தில் அந்நகரில் வீடு தேடி அலைந்தவர்கள்தாம். ஒரு வீட்டில் எம் பெயரைக் கேட்டதும், "நேற்றே முன்பணம் வாங்கிவிட்டோம்" என்றனர். மறுவாரமும் அவ்வழியே சென்றபோது 'வீடு வாடகைக்கு' என்ற பலகை அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. பெயர் தடையாகாத இடத்தில் மணமாகாமை தடையாகும். கதவடைக்கும் நகரோடு ஒட்டி வாழ்வது எங்ஙனம் என்று அத்தம்பி நம்மைத் திருப்பிக் கேட்டிருந்தால் உடனே விடை கூறியிருக்க மாட்டோம். ஆயினும் நகரம் என்பது வீட்டு உரிமையாளர் மட்டுமன்று. காலையில் தேநீர் ஆற்றித் தருபவரும், காய்ச்சல் கண்டால் மாத்திரை கொடுத்துவிட்டு மறுநாளும் நலம் விசாரிக்கும் மருந்துக் கடைக்காரரும் அந்நகரத்தாரே. அவர்தம் பெயரைக் கேட்டறிவதற்கு முன்பணம் வேண்டுவதில்லை.

இறுதியாக, இம்மலரைப் படிக்கும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். தங்களுள் சென்னையில் வீடு வைத்திருப்போர் பலர். அவ்வீடுகள் சிலவற்றின் வாயிலிலும் 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்னும் பலகையைக் கண்டிருக்கிறோம். இவ்வாண்டு அவற்றுள் இரண்டையேனும் அகற்றித் தந்து உதவுக. வாடகை தவறாமைக்கும் நன்னடத்தைக்கும் பொறுப்பேற்க நம் துறை ஆசிரியர் சிலர் ஆயத்தமாக உள்ளனர்.