ஊடுபயிரும் உரமூட்டையும்

‘பயிர் வெளிறிவிட்டது, யூரியா இடுங்கள்’ என்பது சிற்றூர்களில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. இலை வெளிறுவது தழைச்சத்துக் குறைவின் அறிகுறியாகலாம். ஆனால், உரமூட்டை ஒன்றே அதற்குத் தீர்வு என்று கருதுவது பொருந்தாது.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. எனினும், பயிர்கள் அதனை நேரடியாக ஏற்க இயலாது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிரிகள் அதனைப் பயிர் ஏற்கும் வடிவிற்கு மாற்றுகின்றன. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் 1880களில் இவ்வுண்மையை நிறுவினர். மானாவாரிச் சோளக்கொல்லையில் தட்டைப்பயறும் துவரையும் ஊடே விதைத்த நம் உழவர்கள் இதன் பயனைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

ஊடுபயிரால் சோளத்தின் விளைச்சல் குறையும் என்பர் சிலர். இடைவெளி சரியாக அமையாவிடில் அவ்வாறு நேரலாம். ஆனால், அதே நிலம் தந்த பயற்றையும் சேர்த்தன்றோ கணக்கிட வேண்டும்? மழை பொய்த்து ஒன்று தவறினும் மற்றொன்று கைகொடுக்கக்கூடும்.

ஊடுபயிரை மிகைப்படப் புகழ்வதும் தவறு. பயறுச்செடி சேர்க்கும் தழைச்சத்தின் பெரும்பகுதி அச்செடியிலேயே தங்கிவிடுகிறது. காய் பறித்தபின் இலையும் தண்டும் வேரும் மண்ணில் மட்கினால்தான் அடுத்த பயிருக்கு அது பயன்படும். ஆகவே, யூரியாவை அறவே விலக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அளவறிந்து இட வேண்டும் என்பதே என் கருத்து.

45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து உள்ளது. மிகுதியாக இட்டால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கும். மற்றொரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீரைச் சேரும். மேலும், மண்ணில் தழைச்சத்து மிகும்போது பயறுச்செடி வேர்முடிச்சுகள் உருவாக்குவதையே குறைத்துக்கொள்கிறது. இயற்கை விலையின்றித் தருவதை நாம் விலைகொடுத்துத் தடுக்கிறோம்!

மண்ணை ஆய்ந்து, பயறு மண்ணுக்குத் தந்ததைக் கணக்கில் கொண்டு, குறைவதை மட்டும் தவணைகளாகப் பிரித்து இடுவதே அறிவுடைமை. அதனால் உழவரின் செலவு குறையும். கிணற்று நீரும் மாசுறாது.

மாணவர்களே! வாய்ப்புக் கிடைக்கும்போது பூக்கும் பருவத்துப் பயறுச்செடி ஒன்றின் வேர்முடிச்சைப் பிளந்து பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பின், அங்கே ஓர் உரத்தொழிற்சாலை ஓசையின்றி இயங்குகிறது என்று அறியுங்கள்.